பொருக்கு உதிர்ந்தால்தான் குளம்

ஊரில் எல்லோரும் மனிதர்களின் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்கிறார்கள்; நான் முழங்காலைப் பார்த்துச் சொன்னவன். என் உத்தியோகம் அப்படி.

வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலம். மதுரைக்கு மேற்கே காளவாசல் பக்கம், செங்கலுக்கு மண் வெட்டின பள்ளம் ஒன்று சும்மா கிடந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் கமிட்டி போட்டு, அந்தப் பள்ளத்துக்குச் சிமிண்டு பூசி, கல் படி வைத்து, பக்கத்துக் கிணற்றிலிருந்து ஆயில் என்ஜினால் தண்ணீர் இறைத்து, 'பொது நீச்சல் குளம்' என்று போர்டு மாட்டிவிட்டார்கள். நம் வைகையில் முக்கால்வாசி நாள் மணல்தான் ஓடும். தண்ணீரைக் கண்ட ஜனம் சும்மா இருக்குமா? ஆற்றைத் தாண்டிச் செல்லூரிலிருந்துகூட நடந்தே வந்தார்கள்.

கமிட்டி டாக்டர் ஒரு சட்டம் போட்டார். ஆறாத புண் உள்ளவன் எவனும் குளத்தில் இறங்கக் கூடாது. சட்டம் போட்டவர் காரில் ஏறிப் போய்விட்டார். வாசலில் நின்று ஒவ்வொருத்தனையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, நீ போகலாம், நீ கூடாது என்று சொல்லும் பாக்கியம் அவருடைய கம்பவுண்டராகிய என் தலையில் விழுந்தது. ரயில்வே கேட்டிலும் கச்சேரி வாசலிலும் நாடகக் கொட்டகை வாசலிலும் நின்று 'முடியாது, முடியாது' என்று சொல்லித் தொண்டை கட்டிய சகோதரர்களே, இது உங்களுக்காக எழுதினது. மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை. புண் மட்டும் இருக்கக் கூடாது.

மேலூர்க்காரர் கை

குளம் திறந்த புதிதில் மேலூரிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்தார். கல் உடைக்கிறவர். நம் குளத்துப் படிக்கல்லே அவர் உடைத்து அனுப்பினதுதானாம். கல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, ஒரு முங்கும் போட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். நியாயமான ஆசை.

கையை நீட்டச் சொன்னேன். நீட்டினார். ஒரு காயம் ஆறியிருந்தது, ஒன்று ஆறிக்கொண்டிருந்தது, ஒன்று அன்றைக்குக் காலையில் பட்டது மாதிரி இருந்தது. "எல்லாம் ஆறட்டும், பெரியவரே, பிறகு வாங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. மேல் படியில் தண்ணீரில் கால் படாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, கல்லைத் தடவிப் பார்த்தார். எழுந்து போகும்போது சொன்னார்:

"கல்லு ஒடைக்கிற கையில காயமில்லாத நாளுன்னு ஒண்ணு இருந்தா எனக்குச் சொல்லிவிடுங்க தம்பி, அன்னைக்கு மொத பஸ்ஸைப் பிடிச்சு வாரேன்."

பாயின் முதுகு

டவுனில் அத்தர் கடை வைத்திருந்த ஒரு பாய் வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார். நல்ல மனிதர். அவர் வந்து போனால் வாசலே மணக்கும். ஒரு வெள்ளிக்கிழமை சட்டையைக் கழற்றினார், முதுகு நடுவில் கட்டி ஒன்று உடைந்து வாய் மூடாமல் இருந்தது. மேலே காப்பிப்பொடி அப்பியிருந்தது. நம் ஊரில் புண்ணுக்குப் போடாத பொருள் ஏது! மஞ்சள், சுண்ணாம்பு, சிலந்திக் கூடு, வேப்பெண்ணெய், காப்பிப்பொடி. ஒரு ஆளைப் பார்த்தால் அவர் வீட்டு அடுக்களையையே பார்த்த மாதிரி இருக்கும்.

"பாய், முதுகுல புண்ணு இருக்கு. இன்னைக்கு வேணாம்" என்றேன். அவர் கழுத்தை வலப்பக்கம் திருப்பினார், இடப்பக்கம் திருப்பினார். முதுகு தெரியுமா? பிறகு என்னை ஒரு பரிதாபப் பார்வை பார்த்தார்.

"பொறந்ததுலேர்ந்து நான் பாக்காத முதுகுங்க இது, நீங்க பாத்த புண்ணுக்கு நீங்கதானே குளிக்காம இருக்கணும், நான் என்னாத்துக்கு?"

செல்லூர் மாரியப்பன்

கமிட்டிக்கு ஒரு நீச்சல்காரன் தேவைப்பட்டான். பிள்ளைகளுக்கு நீந்தச் சொல்லிக்கொடுக்க வேண்டும், முங்குகிறவனைத் தூக்க வேண்டும். மாதச் சம்பளம், காக்கி நிஜார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பரீட்சை என்று தண்டோரா போடாத குறையாகச் சொல்லியாயிற்று. குளத்தின் அடியில் பித்தளைக் குடம் ஒன்றைப் போடுவார்கள். முங்கி எடுத்து வருகிறவனுக்கு வேலை. கமிட்டியில் ஒருத்தருடைய மச்சினனும் அதற்குத் துண்டு போட்டு வைத்திருந்தான்.

அந்த வாரம் திங்கட்கிழமைதான் மாரியப்பன் வந்தான். செல்லூரில் தறி நெய்கிறவன். வைகையில் வெள்ளம் வந்த வருஷம், அடித்துக்கொண்டு போன மாட்டை நீந்திப் போய்க் கொம்பைப் பிடித்துக் கரை சேர்த்தவன் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். ஆளைப் பார்த்தால் நம்பலாம் போலத்தான் இருந்தது. காலைப் பார்த்தேன். குதிகாலுக்கு மேலே ஒரு புண். தறிக்குழிக்குள் இறங்கும்போது மூங்கில் சிராய் கிழித்து, சீழ் வைத்து, இப்போதுதான் ஆறத் தொடங்கியிருந்தது. மேலே கறுப்பாகப் பொருக்குக் கட்டியிருந்தது.

"பொருக்கு உதிரணும்டா. அதுக்கு முன்னால தண்ணியில ஊறினா வாயைப் பிளந்துக்கும். ஊரான் அழுக்கெல்லாம் உன் காலுக்குள்ள போகும், உன் சீழ் ஊருக்குப் போகும்" என்றேன்.

"தறி மிதிச்சா புண்ணு விரியுதுன்னு தறியையும் விட்டுட்டேண்ணே. எங்க ஆத்தா தாருக்கு நூல் சுத்துற காசுலதான் வீட்டுல அடுப்பு எரியுது. இந்த வேலையும் கெடைக்கலைன்னா முதலாளி தறியை வேற ஆளுக்குக் குடுத்துருவாரு. ரெண்டும் போச்சுன்னா நான் என்ன செய்ய?" என்றான்.

டிஞ்சர் போட்டுக் கட்டிவிட்டேன். தினமும் வந்து காட்டச் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து விடிந்ததும் வந்து, வாசல் சுவரில் காலை வெயிலுக்கு நீட்டி உட்கார்ந்துகொள்வான். உட்கார்ந்தபடியே உள்ளே நீந்துகிற பிள்ளைகளைப் பார்த்து, "ஏலே, காலை அடி, கையை வீசாத!" என்று கத்துவான். அவன் கத்தக் கத்த அதுகள் நீந்தத்தான் செய்தன. எனக்கே அவனை உள்ளே விட்டுவிடலாமா என்று மனசு அடித்துக்கொள்ளும். அது முகத்தில் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

"எம் மொகத்தைப் பாத்து எரக்கப்படாதீகண்ணே, காலைப் பாத்து எரக்கப்படுங்க."

பிய்த்தவர்கள்

'பொருக்கு இருந்தால் இறங்கக் கூடாது' என்று நான் நாள் பூராவும் வாசலில் கத்தியதன் பலன் அந்தப் புதன்கிழமை தெரிந்தது. காலேஜ் பையன்கள் நாலைந்து பேர் மதிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ படிக்கிறார்கள் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால், புளியம்பழத்துக்கு ஓடு நீக்குகிற மாதிரி அவனவன் முழங்காலில் இருந்த பொருக்கை நகத்தால் நிமிண்டிக்கொண்டிருந்தான். படுபாவிகள்! ஃபுட்பால் ஆடி விழுந்த காயங்கள், இன்னும் கொஞ்ச நாளில் தானாக உதிர்ந்திருக்கும்.

வாசலுக்கு வந்தார்கள். ஒருத்தன் காலில் ரத்தம் கணுக்கால் வரைக்கும் இறங்கியிருந்தது. கையை நீட்டி மறித்தேன். சுவரில் உட்கார்ந்திருந்த மாரியப்பன் சிரிக்கிற சிரிப்பில் கீழே விழுந்துவிடுவான் போலிருந்தது. சிரித்து முடித்தவன், தன் காலைத் துண்டால் மூடிக்கொண்டான். ரத்தம் ஒழுகுகிறவன் என்னிடம் சட்டம் பேசினான்:

"பொருக்கு இருக்கக் கூடாதுன்னீங்க, நல்லாக் குனிஞ்சு பாருங்க சார், இப்ப எங்கே இருக்கு?"

வேட்டி மடிப்புக்குள்ளே

வியாழக்கிழமை ஒரு மில் ஏஜெண்டு வந்தார். கழுத்தில் புலிநகச் சங்கிலி, விரலுக்கு விரல் மோதிரம். வந்ததும் வராததுமாக, "ஓய் கம்பவுண்டர், புண்ணைப் பாக்குறது இருக்கட்டும். வர்றவன் என்ன ஜாதின்னு கேட்டு விடுறீரா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. மாரியப்பன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான், உள்ளே அத்தனை ஜனம் குளிக்கிறது. "அதுக்கு எங்க பாட்டில்ல மருந்து இல்லீங்க, அதனால நான் பாக்குறதில்லை. நீங்க வேட்டியைக் கொஞ்சம் தளர்த்துங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே தளர்த்தினார். இடுப்பைச் சுற்றி, அரைஞாண் கயிறு போகிற வழியெல்லாம் படை. சொறிந்து சொறிந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. களிம்பு எழுதித் தருகிறேன், ஆறின பிறகு வாருங்கள் என்று பணிவாகத்தான் சொன்னேன். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இது புண்ணா? எங்க வம்சத்துல எல்லாருக்கும் உண்டுய்யா இது!"

சாமி இல்லாத குளம்

சனிக்கிழமை சாயங்காலம் மாரியப்பன் அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். நூல் சுற்றிச் சுற்றி விரல் முனையெல்லாம் வெடித்த அம்மா. கட்டை அவிழ்த்தேன். பொருக்கின் ஓரம் தூக்கியிருந்தது. நடுவில் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது, லேசாக அழுத்தினால் ஈரம் தெரிந்தது. மறுநாள் காலையில் பரீட்சை. என் வாயால் எப்படிச் சொல்ல? சொல்லத்தானே சம்பளம்.

"நாளைக்கு முடியாதுடா, மாரியப்பா."

அவன் குனிந்து, தூக்கியிருந்த ஓரத்தை நகத்தால் தொட்டுப் பார்த்தான். "பிச்சு எறிஞ்சுரவாண்ணே?" என்றான். "பிச்சா மொதல்லருந்து ஆரம்பிக்கணும். காலைக் கெடுத்துக்கிட்டு வேலையை வச்சு என்ன செய்வே?" என்றேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

அவன் அம்மா இதையெல்லாம் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. குளத்தையும் படியையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். உடம்பில் கட்டி, மரு, புண் என்று வந்தால் கோயில் குளத்தில் வெல்லத்தைக் கரைத்து, உப்பும் மிளகும் போட்டு வேண்டிக்கொள்வார்கள். வெல்லம் கரைகிற மாதிரி புண்ணும் கரையும் என்று நம்பிக்கை. "தம்பி, இந்தக் குளத்துல எந்தச் சாமி?" என்று கேட்டாள். "சாமியெல்லாம் இல்லம்மா, ப்ளீச்சிங் பவுடர்தான்" என்றேன். அவளுக்கு என் மேல் நம்பிக்கை போய்விட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"இம்புட்டுத் தண்ணியக் கட்டி, இம்புட்டுப் படியும் வச்சு, சாமி இல்லாமயா இருக்கும்? ஒனக்குத் தெரியலைன்னு சொல்லு."

மிதந்த சாட்சி

ஞாயிற்றுக்கிழமை காலையில் பரீட்சை பார்க்க வருகிற வெளியூர்ப் பெரிய மனிதர்களுக்காக மாலையெல்லாம் வந்து இறங்கிவிட்டது. கமிட்டி பிரசிடெண்டு முதலில் வந்தார். அவர் ஒரு வக்கீல். குளத்தை எட்டிப் பார்த்தவர், "ஐயையோ, பூச்சி!" என்று அலறினார். ஓடிப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் மேலே கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள் மிதந்தன. தண்ணீரை ஒட்டின படியில் ஒரே பிசுபிசுப்பு, எறும்புச் சாரை. ஒரு புள்ளியை எடுத்துக் கடித்தேன். மிளகு! உள்ளே ஒன்றும் இல்லாத பொக்கு மிளகு. நல்ல மிளகாக இருந்தால் முக்கால்வாசி முங்கியிருக்கும், யார் கண்ணிலும் பட்டிருக்காது. எந்தப் பலசரக்குக் கடைக்காரனோ சாமி காரியத்துக்குத்தானே என்று பொக்கைத் தள்ளிவிட்டிருக்கிறான். விடியற்காலையில் படி கூட்டுகிற வேலைக்காரி கேட்டைத் திறந்து போட்டுவிட்டு விளக்குமாறு எடுக்கப் போன நேரத்தில் காரியம் நடந்திருக்கிறது.

"பூச்சி இல்லைங்க, மிளகு" என்றேன். "மிளகு குளத்துக்கு எதுக்கு வந்தது?" என்றார். "புண்ணு ஆறுறதுக்கு வேண்டுதல்" என்றேன். சொன்னதுதான் தாமதம், அவர் கோர்ட்டுக்குள் போய்விட்டார். அப்படியானால் புண்ணுக்காரன் எவனோ இறங்கியிருக்கிறான் என்றார். ஒருத்தனும் இறங்கவில்லை, நான் விடவில்லை என்று தலையில் அடித்துச் சொன்னேன். யார் போட்டது என்று கேட்டார். நான் பார்க்கவில்லை, அது சத்தியம். மனசுக்குள் நினைத்தது வேறு; அதை அவர் கேட்கவில்லை. குடத்தை எடுக்க வந்த மச்சினன் எண்ணெய் தேய்த்த உடம்போடு நடுங்கிக்கொண்டு நின்றான். சுவரில் மாரியப்பன் காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தான். பிரசிடெண்டு தீர்ப்புச் சொன்னார்:

"ஆளைக் காணோம், சாட்சி மிதக்குதய்யா! தண்ணியைப் பூராவும் இறைச்சு விட்டுட்டு, தேய்ச்சுக் கழுவி, புதுத் தண்ணி நிரப்புங்க. பரீட்சை அடுத்த ஞாயித்துக்கிழமை."

வெற்றிலையில் வந்தது

சும்மா சொல்லக் கூடாது, அந்த ஆயில் என்ஜின் அந்த வாரம் தன் கடமையைச் செய்தது. அதாவது அடிக்கடி நின்றது. குளம் மெள்ள மெள்ள நிரம்பியது. மாரியப்பன் சுவரிலேயே கிடந்தான். நான் கட்டி விடுவதும் பார்ப்பதுமாக இருந்தேன். இரண்டு பேரும் பேசிக்கொள்ள விஷயமே இல்லை, காலைத் தவிர. ஒருநாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்தப் பொருக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டோம். பக்கத்தில் நின்ற ஒருத்தர் சிரித்துவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் அவன் ஓடி வந்தான். ஓடாதே என்று நான் சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை. மடியிலிருந்து மடித்த வெற்றிலை ஒன்றை எடுத்தான். தாம்பூலம் கொடுக்கிறான் என்று வாங்கிப் பிரித்தேன். உள்ளே பொருக்கு! முழுசாக, உடையாமல். சீ என்று உதறியிருப்பேன், அவன் முகத்தைப் பார்த்ததும் உதற மனசு வரவில்லை. காலைத் தூக்கிக் காட்டினான். புதுத்தோல் வெளுப்பாக, காய்ந்து, இழுத்து மூடியிருந்தது. அழுத்திப் பார்த்தேன், ஈரம் இல்லை. இரண்டு பக்கமும் வளைத்துப் பார்த்தேன், பிளக்கவில்லை.

"நான் பிய்க்கலண்ணே, எங்க ஆத்தா மேல சத்தியம், தூங்கி எந்திரிச்சேன், பாயில கெடந்துச்சு."

குடம்

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மச்சினனை முதலில் இறக்கினார்கள். பாவம், முங்கினான், வெறுங்கையோடு வந்தான். மறுபடி முங்கினான், இருமிக்கொண்டு வந்தான். அடுத்தது மாரியப்பன். வாசலில் அவனை நிறுத்தினேன். கமிட்டியே பார்த்துக்கொண்டிருக்கிறது. எல்லோரையும் போலக் காலைத் தூக்கச் சொல்லி, குனிந்து பார்த்து, "நீ போகலாம்" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் அந்த உத்தியோகத்துக்கே வந்தேனோ என்று தோன்றியது.

குதித்தான். தண்ணீர் மூடிக்கொண்டது. எங்களுக்குத்தான் மூச்சு முட்டியது. பிறகு பித்தளைக் குடம் முதலில் வெளியே வந்தது, அதற்குக் கீழே அவன் தலை வந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பிரசிடெண்டு பேசினது ஒன்றும் கேட்கவில்லை. வேலை அவனுக்குத்தான் என்று அவர் கையைக் காட்டினதில் தெரிந்துகொண்டோம்.

கூட்டம் கலைந்த பிறகு அவன் அம்மா என்னிடம் வந்தாள். முந்தானையில் முடிந்த வெல்லத்துண்டு ஒன்றை என் கையில் வைத்தாள். "அன்னைக்கு விடியக்காலம் வந்து கரைச்சது நாந்தான் தம்பி, யார்ட்டயும் சொல்லிராத" என்றாள். எனக்குத் தெரியும்மா என்றேன். என் டாக்டர் படித்த படிப்பையும் நான் கலக்கின டிஞ்சரையும் நினைத்து, மருந்துதான் ஆற்றியது என்று அவளுக்கு விளக்க வாயைத் திறந்தேன். விடுவாளா?

"நீயும் ஒரு வாரமாக் கட்டிக் கட்டித்தான் அவுத்தே, ஞாயித்துக்கெழமைக்குள்ள ஆறுச்சா? நான் கரைச்சேன், ஞாயித்துக்கெழமையே தள்ளிப் போச்சுல்ல!"

புண் ஆற மருந்தோடு ஒரு வாரமும் வேண்டியிருக்கிறது, சகோதரர்களே. மருந்தை நான் கலக்கித் தந்துவிடுவேன், அந்த வாரத்தைத் தர ஒரு கை பொக்கு மிளகால்தான் முடிந்தது.